அலைந்த மட்டம்: உப்புவெளி வடிகான் வேலையில் ஒரு முக்காலியின் திருகாணிகள்

பின்னணி

திருகோணமலை நகரத்திலிருந்து நிலாவெளி வீதியில் போனால் உப்புவெளி தாண்டியதும் கடல் பக்கம் இறங்கும் உள்வீதிகள் பல உண்டு. அவற்றில் ஒன்றில் 340 மீட்டர் நீளத்துக்கு மூடிய கொங்கிரீட் வடிகான் ஒன்று கட்டினோம். சிறிய ஒப்பந்தகாரர், சிறிய குழு. அளவை வேலைக்கு நான் பொறுப்பு. உயரம் வாசிக்கும் அளவுகோலான ஸ்டாஃபைப் பிடிக்க ஒரு தம்பி, மட்டம் காட்டும் முளை அடிக்க இன்னொருவர், கொங்கிரீட் பக்கம் மூத்த மேசன் ஒருவரும் அவருடைய ஆட்களும்.

அந்தப் பக்கம் நிலம் கிட்டத்தட்டத் தட்டை. வடிகானின் கீழ் முனையில் ஏற்கெனவே இருந்த மதகின் மட்டத்தை மாற்ற முடியாது. மேல் முனையில் வீடுகளின் முற்றத்துக்கு மேல் போகவும் முடியாது. நடுவில் கிடைத்த வாட்டம் 400க்கு 1. அதாவது ஒரு மீட்டருக்கு இரண்டரை மில்லிமீட்டர் இறக்கம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மீதியை வாசிக்க வேண்டும். 9 மில்லிமீட்டர் பிழை என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கும். இந்த வடிகானில் அது மூன்றரை மீட்டர் தூரத்துக்கான முழு வாட்டம்.

கார்த்திகையில் மாரி தொடங்குமுன் முடிக்க வேண்டும் என்பதால் வேலையை ஆடி மாதக் கச்சான் காற்றில் தொடங்கினோம். மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்று கிழக்குக் கரையில் எதையும் ஈரமாக விடாது. கதவு நிலைகளில் இடைவெளி விழும், மேசைப் பலகை வெடிக்கும். கிடையான பார்வைக் கோட்டில் ஸ்டாஃபை வாசித்து மட்டம் எடுக்கும் எங்கள் லெவல் கருவி நின்றது மரக்கால் முக்காலியில். கால்கள் மரம், தலையும் பூட்டுகளும் அலுமினியம், அடிக்கூர் இரும்பு. இவற்றை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவை சில திருகாணிகளும் போல்ட்டுகளும் மட்டுமே. அவற்றைக் கடைசியாக யார், எப்போது முறுக்கினார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

என்ன கண்டோம்

முதல் நாள் மதகின் கைச்சுவரில் வைத்த பெஞ்ச்மார்க்கிலிருந்து, அதாவது மட்டம் தெரிந்த நிலையான குறியிலிருந்து, புறப்பட்டு மேல் முனைக்குப் போய்த் திரும்பி வந்தோம். வேலிகளும் வளைவுகளும் மறைத்ததால் பார்வைத் தூரம் 20 மீட்டருக்கு மேல் கிடைக்கவில்லை. போக ஒன்பது, வர ஒன்பது என்று பதினெட்டு இடங்களில் கருவியை வைத்தோம். புறப்பட்ட குறிக்கே திரும்பியதும் கணக்கில் வந்த வித்தியாசம், அதாவது மூடல் பிழை, 6 மில்லிமீட்டர். இந்த மாதிரி வேலைக்கு நாங்கள் வைத்திருக்கும் எல்லை, கிலோமீட்டரில் தூரத்தின் வர்க்கமூலத்தை 12ஆல் பெருக்கினால் வரும் மில்லிமீட்டர். 680 மீட்டருக்கு அது ஏறத்தாழ 10. ஆகவே திருப்தியாக முளை அடிக்கத் தொடங்கினோம்.

மூன்றாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு ஒரு சரிபார்ப்புக்காக அதே சுற்றை மறுபடி போனோம். 31 மில்லிமீட்டர் வந்தது. அடுத்த நாள் காலையில் 22. இதற்கிடையில் கீழ் முனையிலிருந்து 40 மீட்டருக்கு அடித்தளக் கொங்கிரீட் போட்டாகிவிட்டது. அதற்கு மேல் 80 மீட்டருக்கு முளையும் அடித்தாகிவிட்டது.

இந்த இடத்தில் நான் செய்த முதல் காரியத்தை மறைக்காமல் எழுதுகிறேன். ஸ்டாஃப் பிடித்த தம்பியை எல்லோர் முன்னாலும் ஏசினேன். ஸ்டாஃபின் இரண்டாம் பாகத்தைப் பூட்டு விழும்வரை இழுக்கவில்லை, அல்லது நேராகப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். "இல்லை அண்ணா, ஒவ்வொரு தரமும் சத்தம் கேட்டுத்தான் பிடிச்சனான்" என்றான். நான் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. அவனை மாற்றி இன்னொருவரை நிறுத்தி அரைச் சுற்றுப் போய்ப் பார்த்தேன். வித்தியாசம் குறையவில்லை.

சந்தேகம் இடம் மாறியது

அடுத்து கருவியின் பார்வைக் கோட்டையே சந்தேகித்து இரண்டு முளைச் சோதனை செய்தோம். 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகளை அடித்து, நடுவில் கருவியை வைத்து இரண்டையும் வாசிக்க வேண்டும். இரு பக்கமும் தூரம் சமமாக இருப்பதால் பார்வைக் கோடு சாய்ந்திருந்தாலும் கழித்தால் அந்தப் பிழை போய்விடும். கிடைப்பது உண்மையான மட்ட வித்தியாசம். பிறகு ஒரு முளைக்கு அருகில் கருவியை வைத்து மறுபடி வாசித்தால் சாய்வு வெளியில் வரும்.

நடுவிலிருந்து கிடைத்த வித்தியாசம் 0.214 மீட்டர். அருகிலிருந்து 0.217. மூன்று மில்லிமீட்டர் பொறுக்கக்கூடியதுதான், நிறுத்தியிருக்கலாம். ஏனோ மனம் கேட்கவில்லை. கருவியைத் தூக்காமல் மறுபடி வாசித்தேன், 0.212. இன்னொரு தரம், 0.215.

எனக்கு விஷயம் பிடிபட்டது இங்கேதான். கருவியின் பார்வைக் கோடு பிழையாக இருந்தால் அது ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் சொல்லும், காலையும் மாலையும் ஒரே அளவில். இங்கே பிழை அலைந்தது. அலைகிற பிழை என்றால் எங்கோ ஏதோ ஒன்று அசைகிறது.

பிறகு பழைய குறிப்புப் புத்தகத்தைத் திறந்து 31ஐயும் 22ஐயும் மறுபடி பார்த்தேன். இரண்டும் ஒரே பக்கம். புறப்பட்ட பெஞ்ச்மார்க் தன் இடத்தைவிட உயர்ந்துவிட்டதாக இரண்டு சுற்றும் சொன்னது. வாசிப்புத் தவறு என்றால் ஒரு தரம் மேலேயும் ஒரு தரம் கீழேயும் போயிருக்கும். பின்னால் மட்டம் தெரிந்த புள்ளியில் பின்னோக்கு அளவை எடுத்த பிறகு, முன்னால் அடுத்த புள்ளியில் முன்னோக்கு அளவை எடுப்பதற்குள் கருவி சற்றுக் கீழே இறங்கினால் முன்னோக்கு அளவு குறையும், அடுத்த புள்ளி கணக்கில் உயரும். போகும்போதும் உயரும், வரும்போதும் உயரும். பதினெட்டு இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் போதும், 31 வந்துவிடும்.

எங்களுடையது போன்ற ஆட்டோ லெவலுக்குள் இருக்கும் ஊசல் பார்வைக் கோட்டைத் தானாகவே கிடையாக்கிவிடும் என்று நம்பிப் பழகிவிட்டோம். அது சாய்வைத்தான் திருத்தும், அதுவும் ஒரு எல்லைக்குள். முக்காலி இறங்கினால் ஊசலுக்கு அது தெரியாது. குமிழி நடுவில் நிற்கும், குறுக்குக் கம்பி தெளிவாகத் தெரியும், அளவு மட்டும் பிழைக்கும்.

மணலா, முக்காலியா

மூத்த மேசன் மணலைச் சொன்னார். நியாயமான சந்தேகம், அந்த வீதி முழுக்கக் கடல் மணல். ஆகவே முக்காலியை அருகிலிருந்த ஒரு வீட்டின் சிமெந்துத் தளத்தில் வைத்தோம். வழுக்காமல் இருக்க மூன்று அடிக்கூர்களையும் ஒரு பலகைச் சட்டத்துக்குள் பதித்தோம். 20 மீட்டரில் ஸ்டாஃபை ஒரு தூணோடு சேர்த்துக் கட்டினோம். இனி ஸ்டாஃபும் அசையாது, தரையும் அசையாது.

முதல் வாசிப்பு 1.406. ஒவ்வொரு காலின் மேல் மூட்டிலும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்திக் கையை எடுத்தேன். முதல் காலை அழுத்திய பிறகு 1.406தான். இரண்டாவது காலுக்குப் பிறகு 1.403, அது திரும்பி வரவில்லை. அப்படியே வெயிலில் நாற்பது நிமிடம் விட்டுப் பார்த்தபோது 1.401.

யாரும் தொடாமலே இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. மணல் தன் பங்குக்கு ஏதாவது செய்திருக்கலாம், முக்கியமான குற்றவாளி அது இல்லை.

கால்களைக் கழற்றியபோது மூன்று கோளாறு தெரிந்தது. மரக்கால் அடியில் இரும்பு அடிக்கூர்களைப் பிடித்திருந்த திருகாணிகள் இரண்டு காலில் தளர்ந்திருந்தன, கூர்களைக் கையால் ஆட்டினால் ஆடின. மாரியில் ஈரம் குடித்து வீங்கியிருந்த மரத்தில் இறுக்கியவை அவை. கச்சானில் மரம் சுருங்கியதும் பிடி விட்டுவிட்டது. தலை மூட்டு போல்ட்டுகள் மூன்றில் இரண்டு தளர்வு.

மூன்றாவது கோளாறு எதிர்மாறானது. இரண்டாவது காலின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பூட்டை யாரோ குறடு போட்டு முறுக்கியிருந்தார்கள். அலுமினியத்தின் மரை உரிந்து, போல்ட்டு இறுகினதுபோல் நடித்துவிட்டுச் சுமை வந்ததும் வழுக்கியது. எப்படி நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. கால் வழுக்கியிருக்கும், யாரோ இன்னும் கொஞ்சம் இறுக்கியிருப்பார்கள், மறுபடி வழுக்கியிருக்கும், இன்னும் இறுக்கியிருப்பார்கள். அந்த யாரோ நானாகவும் இருந்திருக்கலாம்.

எடுத்த முடிவுகள்

முதலில் மறுநாள் கொங்கிரீட்டை நிறுத்தினோம். கலவைக்குச் சொல்லியிருந்த ஆட்களுக்கு அரைநாள் கூலி கொடுக்க வேண்டி வந்தது, ஒப்பந்தகாரருக்கு அது பிடிக்கவில்லை. 1.406 எப்படி 1.401 ஆனது என்று அவர் முன்னாலேயே செய்து காட்டினேன். அதற்குப் பிறகு அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

இரண்டாவது, போட்டுவிட்ட 40 மீட்டரை எங்கள் கருவியைத் தொடாமல் சரிபார்க்க வேண்டும். இதற்கு வழி சொன்னவர் மூத்த மேசன். தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயை மதகிலிருந்து பத்துப் பத்து மீட்டராக நகர்த்தி மட்டம் எடுத்தார். குழாய்க்குள் காற்றுக் குமிழி நிற்காதபடி ஒவ்வொரு தரமும் விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டார். முதல் 20 மீட்டரில் வித்தியாசம் பெரிதாக இல்லை. 40ஆவது மீட்டரில் அடித்தளம் 9 மில்லிமீட்டர் தாழ்வு. முளை அடிக்கும் வேலையில் கருவி ஒரே இடத்தில் ஒன்றரை மணி நேரம் நிற்கும், அதனால் அங்கே இறக்கமும் கூடுதல். தண்ணீர் தேங்கும் அளவுக்குப் போகவில்லை, வாட்டம் மட்டும் மெலிந்திருந்தது. உடைக்க வேண்டாம், மேல் பூச்சில் திருத்தலாம் என்று முடிவு செய்தோம். மேலே அடித்த 80 மீட்டர் முளைகளை எல்லாம் பிடுங்கினோம்.

மூன்றாவது, முக்காலி. புதிது வாங்கலாம் என்றும் பேச்சு வந்தது. புதிய முக்காலியும் அடுத்த கச்சானில் இப்படித்தான் ஆகும், திருகாணியைக் கவனிக்கத் தெரியாவிட்டால் எதை வாங்கியும் பயனில்லை என்று சொல்லி நகரத்தில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

இறுக்கிய விதம்

பட்டறைக்காரர் வயதானவர், அவசரப்படாதவர். உரிந்த மரையில் பெரிய போல்ட்டு போடலாமா என்று கேட்டேன். அலுமினியம் அந்த இடத்தில் மெல்லியது, மறுபடி உரியும் என்றார். துளையை நேராக மறுபக்கம் வரை விட்டு, முழு நீள போல்ட்டு போட்டு, பின்னால் அகன்ற வாஷரும் நட்டும் வைத்தார். இப்போது பிடிப்பது இரும்பும் இரும்பும். அலுமினியத்தின் வேலை நசுங்காமல் நடுவில் இருப்பது மட்டும்.

மற்ற திருகாணிகளை எல்லாம் முழுதாகக் கழற்றினோம். மரைக்குள் மணலும் பழைய எண்ணெயும் சேர்ந்து பசைபோல இருந்தது. பெட்ரோலில் கழுவிக் காயவிட்டார். அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் புதிது. நாம் முறுக்கும் பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் இரண்டு பொருளையும் சேர்த்துப் பிடிக்கப் போகிறது. மீதி எல்லாம் போல்ட்டுத் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே செலவாகிவிடும். மரையில் மண் இருந்தால் கை இறுகினதாக உணரும், பொருள் இறுகியிருக்காது. எண்ணெய் இருந்தால் மறுபக்கம், அதே கைப்பலத்தில் தேவைக்கு மேல் இறுகிப்போகும். சுத்தமான, காய்ந்த மரையில்தான் கையை நம்பலாம்.

எவ்வளவு இறுக்குவது என்ற கேள்விக்கு உதவி வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. என் மச்சான் ஒருவர் அவுஸ்திரேலியாவில் இருக்கிறார், அங்கே இலக்குச் சுடும் கழகமொன்றில் உறுப்பினர். தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னதும், "அட, எங்களுக்கு ஸ்கோப் ஆடினால் இதே கதைதான்" என்றார். துப்பாக்கி மேல் இருக்கும் தொலைநோக்கியை வளையங்களால் பிடிப்பார்கள். வளையத் திருகாணி தளர்ந்தால் ஒவ்வொரு வெடிக்கும் தொலைநோக்கி இம்மி இம்மியாக நகரும், குறி அலையும், சுடுபவர் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். பயந்து அளவுக்கு மேல் இறுக்கினால் மெல்லிய அலுமினியக் குழாய் நசுங்கும், உள்ளே குறுக்குக் கம்பியைத் திருத்தும் பகுதி சிக்கும். தொலைநோக்கி செய்பவர்கள் பலர் வளையத் திருகாணிக்குச் சொல்லும் அளவு 15 முதல் 18 அங்குல இறாத்தல், ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர். அதற்கென்று முறுக்கு அளவு காட்டும் சின்னத் திருப்புளி வைத்திருக்கிறாராம்.

அந்த எண் எங்கள் முக்காலிக்குப் பொருந்தாது. சாதாரண 6 மில்லிமீட்டர் இரும்பு போல்ட்டுக்குப் பட்டியலில் வரும் 10 நியூட்டன் மீட்டரும் பொருந்தாது, நடுவில் மரம் இருக்கும் இடத்தில் மரம்தான் முதலில் நசுங்கும். மச்சானிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது எண்ணை அல்ல, வரிசையை. ஒரு திருகாணியை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எல்லாவற்றையும் முதலில் விரலால் தொடும்வரை கொண்டுவந்து, பிறகு மூலைக்கு மூலையாகக் காற்சுற்றுக் காற்சுற்றாக, இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இறுக்க வேண்டும். ஒரு பக்கம் முன்கூட்டி இறுகினால் பொருள் சாய்ந்து உட்காரும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் அந்தச் சாய்வு போகாது.

அடிக்கூர்களை அப்படியே செய்தோம். அலன் கீயின் குட்டைப் பக்கத்தைக் கையில் பிடித்தோம், நீளப் பக்கம் கையில் இருந்தால் பலம் தெரியாமல் போய்விடும். இரும்போடு இரும்பு சேரும் இடங்களில் மட்டும், கழற்றக்கூடிய வகை நீல மரைப் பசையை ஒரு துளி விட்டோம். மரத்தில் விடவில்லை.

தலை மூட்டுகளுக்கு அளவு வேறு. அவை முழுதாக இறுகக் கூடாது, கால் விரிய வேண்டும். கால்களை விரித்து முக்காலியைத் தலையில் பிடித்துத் தூக்கும்போது கால்கள் விரித்த இடத்திலேயே நிற்க வேண்டும், இலேசாக உலுக்கினால் இறங்க வேண்டும். கருவியைத் தலையோடு பிடிக்கும் நடுத் திருகாணிக்குக் கைப்பலம் மட்டும், குறடு கிட்ட வரக் கூடாது.

கடைசியாக, ஒவ்வொரு போல்ட்டுத் தலையிலிருந்தும் பக்கத்துத் தகடு வரைக்கும் நகப்பூச்சால் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. நாங்கள் கியூடெக்ஸ் என்று சொல்வோமே, அதே சாமான், பட்டறைக்காரரின் பேத்தியுடையது. போல்ட்டு திரும்பினால் கோடு உடைந்து தெரியும்.

பிறகு நடந்தவை

சிமெந்துத் தளத்தில் அதே சோதனையை மறுபடி செய்தோம். மூன்று காலையும் அழுத்தியும், ஒரு மணி நேரம் வெயிலில் விட்டும் வாசிப்பு அசையவில்லை. வீதியில் சுற்றுப் போனபோது மூடல் பிழை 4. அடுத்த நாள் எதிர்ப்பக்கம் 2. முளைகளைப் புதிதாக அடித்தோம். மொத்தத்தில் மூன்று நாள் பின்தங்கினோம்.

மூன்று வாரம் கழித்துக் கோடுகளைப் பார்த்தபோது இரும்பில் ஒன்றும் அசையவில்லை. மரத்தில் போட்ட திருகாணிகளில் கோடு உடையாமலே இரண்டு தளர்ந்திருந்தன. திருகாணி திரும்பவில்லை, மரம் இன்னும் சுருங்கியிருந்தது. கோடு எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்று அப்போது தெரிந்தது, அடிக்கூர்களைக் கையால் ஆட்டிப் பார்ப்பதையும் சேர்த்துக்கொண்டோம். மாரி தொடங்கியபோது எதிர்மாறு நடந்தது. மரம் வீங்கித் தலை மூட்டுகள் இறுகின, கொஞ்சம் தளர்த்தினோம்.

முதல் பெருமழைக்கு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். மூடிப் பலகை ஒன்றைத் தூக்கி, அந்த 40ஆவது மீட்டரில் குனிந்து பார்த்தோம். தண்ணீர் தேங்காமல் மதகுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

இனி என்ன மாற்றுவேன்

கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்குமுன் முக்காலியைத் தூக்கி உலுக்கிப் பார்ப்பதை ஒவ்வொரு காலையும் செய்கிறோம், அரை நிமிட வேலை. கருவி நீண்ட நேரம் ஒரே இடத்தில் நிற்கும் வேலைகளில் அரை மணிக்கு ஒரு தரம் பெஞ்ச்மார்க்கைத் திரும்ப வாசிக்கிறோம். முதல் நாளே இதைச் செய்திருந்தால் 9 மில்லிமீட்டர் கொங்கிரீட்டுக்குள் போயிருக்காது.

பிழை வந்தால் முதலில் அதன் பக்கத்தையும் அளவையும் எழுதிப் பார்க்கிறேன். அளவு நிலையாக இருந்தால் கருவியைத் திறக்கலாம். பக்கம் ஒன்று, அளவு மட்டும் மாறுகிறது என்றால் அலன் கீயை எடுக்கிறேன். ஆளைக் கூப்பிடுவது அதற்கெல்லாம் பிறகு. இந்த வேலையில் என்னை இன்றைக்கும் உறுத்துவது மூன்று நாள் நட்டம் அல்ல. சரியாக வேலை செய்த ஒரு பிள்ளையை, புத்தகத்தில் என் கையாலேயே எழுதியிருந்த இரண்டு எண்ணை ஒழுங்காகப் பார்க்காமல், பத்துப் பேர் முன்னால் தலைகுனிய வைத்ததுதான். சிமெந்துத் தளச் சோதனை முடிந்த அன்றே, அதே பத்துப் பேர் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அண்ணா" என்றான். அதற்குப் பிறகு முக்காலியின் பொறுப்பு அவனுடையது. சிவப்புக் கோடுகளைப் புதுப்பிப்பதும், மாரிக்கும் கச்சானுக்கும் முன் போல்ட்டுகளைப் பார்ப்பதும் அவன்தான். போன கிழமை எங்கள் பழைய இரண்டாவது முக்காலியையும் தானாகவே கழற்றிப் பார்த்துவிட்டு, அதிலும் ஒரு கூர் ஆடுகிறது என்று வந்து சொன்னான்.